எலிக்குப் பயம் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது? கேட்டவர்களுக்குப் பதில்

ஆய்வக விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவள் என்பதால், திடீர் மன அழுத்தம் ஆய்வக எலியை என்ன செய்கிறது என்று நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோடு, பி.பார்ம் மாணவி: அக்கா, ப்ராஜெக்டுக்கு எலி ரத்தத்தில் கார்டிசால் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அளக்கிற கிட் வாங்கிவிடலாமா?

வேண்டாம்மா, காசு வீண். கார்டிசால் என்பது அழுத்தத்தில் நமக்குச் சுரக்கும் ஹார்மோன். அதைத் தயாரிக்கத் தேவைப்படும் நொதி எலியின் அட்ரீனல் சுரப்பியில் (சிறுநீரகத்துக்கு மேலே இருப்பது) இல்லை. நமக்குக் கார்டிசால் செய்கிற வேலையை எலிக்குக் கார்டிகோஸ்டிரோன் செய்கிறது, அதற்குத் தனி கிட் இருக்கிறது.

ஓசூர்: எலி பயந்தவுடன் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டு கட்டம். முதலில் நரம்பு வழியாக அட்ரினலின், சில நொடிகளில். இதயம் அடித்துக்கொள்ளும், மயிர் சிலிர்க்கும், புழுக்கை போடும். அப்புறம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி அட்ரீனலுக்கும் ஹார்மோன் வழியாகச் சேதி அனுப்பி, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் ஏற ஆரம்பிக்கும். 15 முதல் 30 நிமிடத்தில் உச்சம். பயம் நீங்கினால் அந்த ஹார்மோனே மூளைக்குப் போய் 'போதும்' என்று நிறுத்திவிடும், ஓரிரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

தர்மபுரி, ஆராய்ச்சி மாணவர்: ஒன்றுமே செய்யாத கண்ட்ரோல் (ஒப்பிட வைத்திருக்கும்) எலிகளுக்கும் கார்டிகோஸ்டிரோன் அளவு எகிறிக் கிடக்கிறது. கிட் சரியில்லையா?

கிட்டைத் திட்டுவதற்கு முன்னால் உன் கையைப் பார் தம்பி. கூண்டைத் தொட்ட நொடியிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அது கண்ட்ரோல் அளவு, தாண்டிவிட்டால் நீ அளப்பது நீ கொடுத்த பயத்தை. ஒரு கூண்டில் நாலு எலி இருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் நாலாவது எலி ஏற்கனவே எல்லாவற்றையும் பார்த்து, மோந்து, கேட்டு முடித்திருக்கும். நம் காதுக்கு எட்டாத 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அவை எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். வேறு அறையிலிருந்து தூக்கி வந்தவுடனே ஆரம்பிக்காதே, அப்படியே விட்டு வை. சோதனைக்கு முன் சில நாள் தினமும் கையில் எடுத்துப் பழக்கு, அதுவும் வாலைப் பிடித்துத் தூக்காமல் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து. நேரமும் முக்கியம்: எலி இரவில் நடமாடும் பிராணி, விளக்கணைக்கும் நேரத்தை ஒட்டி அதன் கார்டிகோஸ்டிரோன் தானாகவே ஏறும். ஒரு குரூப்புக்குக் காலையிலும் இன்னொன்றுக்குச் சாயங்காலமும் எடுத்துவிட்டு வித்தியாசம் வந்தது என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆண்கள் பக்கத்தில் இருந்தாலே, ஏன், ஆண் போட்டுக் கழற்றிய பனியனை வைத்தாலே எலிகளுக்கு அழுத்தம் ஏறுகிறது என்று 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆட்கள் காட்டினார்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், நான் என்ன செய்ய?

அரூர்: எலிக்குக் கண்ணையும் மூக்கையும் சுற்றி ரத்தம். செத்துவிடுமா அக்கா?

பெரும்பாலும் அது ரத்தமே இல்லை. கண்ணுக்குப் பின்னாலிருக்கும் ஹார்டேரியன் சுரப்பி விடுகிற போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி. காய்ந்தால் துருப்பிடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், முன்னங்காலால் முகம் துடைக்கிற பழக்கத்தால் காலிலும் கறை இருக்கும். அழுத்தத்திலோ நோயிலோ வரும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பென்னாகரம்: எலிதான் நன்றாக நீந்துமே, தண்ணீரில் போட்டு என்ன கண்டுபிடிக்கிறார்கள்?

1977இல் போர்சால்ட் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த சோதனை. வெளியேற வழியில்லாத உருளைத் தொட்டியில் விட்டால் கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டு, மூக்கு மட்டும் மேலே தெரிய மிதக்கும். அதை 'நம்பிக்கை இழப்பு' என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழியில்லை என்று தெரிந்த பிறகு சக்தியை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம்தானே? பயத்தைப் பார்க்க, தரையிலிருந்து உயர்த்திய கூட்டல் குறி வடிவப் பாதையே இதைவிட நல்ல சோதனை. இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. அரண்டுபோன எலி சுவருள்ள பக்கமே ஒண்டிக்கிடக்கும்.

கிருஷ்ணகிரி: பையன் வீட்டில் எல்லாம் ஒப்பிக்கிறான், பரீட்சை ஹாலில் மறந்துவிடுகிறான். எலிக்கும் இப்படி உண்டா?

உண்டுங்க. 1998இல் வந்த ஆய்வு ஒன்று: தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று எலிகள் நன்றாகக் கற்றிருந்தன. சோதனைக்கு 30 நிமிடம் முன்பு காலில் லேசாக ஷாக் கொடுத்தால் தடுமாறின. இரண்டு நிமிடம் முன்போ நாலு மணி நேரம் முன்போ கொடுத்தால் தடுமாற்றம் இல்லை. ஹார்மோன் உச்சத்தில் நிற்கும் நேரத்தில்தான் சிக்கல், அது சுரக்காமல் மருந்து கொடுத்தபோது மறதியும் வரவில்லை. அதே ஹார்மோன் கற்ற கையோடு ஏறினால் நினைவை இன்னும் ஆழமாகப் பதிக்கவும் செய்யும். பையன் எலி இல்லைதான், ஆனாலும் ஹால் வாசலில் வைத்துத் திட்டாதீர்கள்.

காவேரிப்பட்டினம்: எங்க மாங்காய் மண்டியில் பிடித்த எலிகளை வைத்து ப்ராஜெக்ட் செய்யலாமா?

கூடாது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அதோடு, மண்டி எலிக்குப் பூனை, பொறி, பசி என்று என்னென்ன அனுபவம் இருக்கிறதோ, எதை வைத்து ஒப்பிடுவாய்? எலிக்காய்ச்சல் வேறு வரும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதே.