குமரிக்கண்டத்தில் பால்மரம்

கேள்வி: குமரிக்கண்டம் ஒரே இரவில் கடலில் மூழ்குவதையும், தப்பியவர்கள் கப்பலேறிக் கெடாவுக்கு வந்து கடாரத்தை நிறுவுவதையும் வைத்து நான் எழுதிய அறிவியல் புனைகதையை, ‘ஆராய்ச்சி போதாது’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கதைக்கு எதற்கு ஆராய்ச்சி? வெள்ளைக்காரன் எழுதினால் கற்பனை, தமிழன் எழுதினால் பிழையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒற்றை வரியோடு அனுப்பியது என் தவறு. கோலாலம்பூர் அலுவலகத்தில் மாதக் கடைசியில் எழுதும் வரிகள் அப்படித்தான் அமைகின்றன. இப்போது விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கதையின் ஐந்தாம் பக்கத்தில், பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மெர்போக் ஆற்றங்கரையில் இறங்கும் மாலுமிகள், உடைந்த கப்பலின் பலகைச் சந்துகளைப் பால்மரப் பாலைக் காய்ச்சி அடைக்கிறார்கள். அன்றிரவே மிளகாய் அரைத்து மீன்குழம்பும் வைக்கிறார்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், பிரேசில் காட்டு மரம். அதன் விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877இல்தான். மிளகாயும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சரக்கே. கண்டம் மூழ்கியதை நம்ப நான் ஆயத்தமாகவே இருந்தேன். மீன்குழம்பைத்தான் நம்ப முடியவில்லை. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாமே இந்தப் பிழையைச் செய்யலாமா? பலகைகளை நாரால் தைத்துக் குங்கிலியம் பூசினார்கள் என்று எழுதியிருந்தால், வாசகன் அந்தக் கப்பலில் ஏறியிருப்பான். பகாங்கின் பொந்தியானில் கிடைத்த பழம்படகின் பலகைகளும் நாரால் தைக்கப்பட்டவையே.

வெள்ளைக்காரன், தமிழன் என்ற வழக்குக்கு வருகிறேன். நீங்கள் காக்கப் புறப்பட்ட கண்டமே வெள்ளைக்காரர் வரைந்ததுதான். பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்குக்கு, இடையில் இத்தனை கடல் கிடக்க, இந்தியப் பக்கத்தில் உறவுகள் இருப்பது எப்படி என்று வியந்து, இரண்டையும் இணைத்த நிலமொன்று மூழ்கியிருக்க வேண்டும் என 1864இல் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். சுருங்கச் சொன்னால், நம் தேவாங்கின் சுற்றத்தாருக்காகக் கட்டப்பட்ட பாலம் அது. தமிழர் அவர் நினைவிலேயே இல்லை. பின்னர் ஜெர்மானிய உயிரியலாளரான ஹெக்கல் அங்கே மனித இனத்தின் தொட்டிலைக் கட்டினார். பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையார் 1888இல் அங்கே வேறொரு மனித இனத்தையே குடியேற்றினார். அதற்குப் பிறகுதான் நம்மவர்கள் அந்த வரைபடத்தின் மேல் குமரி என்று எழுதினார்கள். ஒட்டியிருந்த நிலங்களே நகர்ந்து பிரிந்தன என்று வெகனர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 1912இல் சொன்னதும், 1960களில் அது புவித்தட்டுக் கொள்கையாக உறுதிப்பட்டதும் சேர்ந்து, லெமூரியாவுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன.

கண்டம் ஏன் மூழ்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கதையின் அச்சே அதுதான். கண்டத்தின் பாறை கருங்கல் வகையைச் சேர்ந்தது, எடை குறைந்தது, முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிப்புள்ளது. கடலடிப் பாறையோ எடை மிகுந்தது, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தடிப்பு மட்டுமே உள்ளது. தெப்பத்தின் மேல் மழை பெய்தால் தெப்பம் நனையும், கிணற்றுக்கடியில் போய்விடாது. மொரீசியஸ் தீவின் எரிமலைப் பாறைக்குள் முந்நூறு கோடி ஆண்டு பழமையான சிர்கான் என்ற கனிம மணிகள் கிடைத்ததாக 2017இல் வெளிவந்த செய்தியை நீங்கள் கடிதத்தில் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். அது உண்மையான செய்தி. அந்தத் தீவின் அடியில் பழங்கண்டத் துண்டு ஒன்று இருக்கிறது என்பதே அதன் பொருள். ஆனால் அந்தத் துண்டு சிதறிப் பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகே பூமியில் மனிதன் தோன்றினான். செய்தியின் தலைப்பை வெட்டி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்.

நம் நூல்கள் சொல்வது இதைவிடச் சிறியது, ஆனால் மனத்தில் நிற்பது. கடல் கொண்ட தன் நிலத்துக்கு ஈடாகப் பகைவர் நாட்டைக் கைக்கொண்ட பாண்டியனைக் கலித்தொகை பாடுகிறது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தை, காவதம் என்ற பழைய தூர அளவில் எழுநூறாகவும், ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகளாகவும் விரித்தவர் பின்னால் வந்த உரையாசிரியர் அடியார்க்குநல்லார். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் தரும் ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றையும் முப்பத்தேழால் வகுத்துப் பாருங்கள், 120, 100, 50 என்று மீதமின்றி வரும். இத்தனை ஒழுங்காக வரும் கணக்கை எந்த அரண்மனைக் கணக்கப்பிள்ளையும் எழுதியிருக்க மாட்டார். கதை எழுதும் கைக்கு இது கிடைத்தற்கரிய பொருள்: அந்த எண்களைப் போட்டவர் யார், எதை இழந்த நினைவில் போட்டார் என்பதே ஒரு நாவலுக்குப் போதும். நீங்கள் அவரைத் தாண்டி ஓடி, அவர் போட்ட கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டீர்கள்.

‘ஒரே இரவில்’ என்பதும் நிற்காது. உங்கள் நாயகன் நிலநடுக்கம் முடிந்த பத்தாம் நிமிடத்தில் கெடாவின் குனோங் ஜெராய் மலையில் நின்றபடி பேரலை வருவதைப் பார்க்கிறான். பினாங்குக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை: 2004 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பது மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது, பினாங்குக் கரையை அலை அடித்தது மதியம் ஒரு மணிக்கு மேல். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் ஓடும் அலை, ஐம்பது மீட்டர் ஆழத்தில் மணிக்கு எண்பதாகக் குறைந்துவிடும். சுமத்ராவைச் சுற்றிக்கொண்டு ஆழமற்ற மலாக்கா நீரிணைக்குள் நுழைய அதற்கு அத்தனை நேரம் பிடித்தது. அந்த நான்கு மணி நேரமும் கரையில் ஒருவருக்கும் தெரியாது. இதை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் என்று எழுதிய உங்களை என்ன சொல்வது? அந்த அலையும் நிலத்தை விழுங்கவில்லை, அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. நடுக்கத்தால் சுமத்ராவின் வடமுனையிலுள்ள அச்சே மாநிலக் கரையில் சில இடங்களில் நிலம் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்ததே தவிர, ஒரு மாவட்டம்கூடக் காணாமற்போகவில்லை.

அப்படியானால் கடல் கொண்ட நிலமே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நீங்கள் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் படகேறும்போதெல்லாம் அதன் மேல்தான் போகிறீர்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். புவியியலாளர் அதைச் சுண்டாலாந்து என்கிறார்கள். பினாங்கு அன்று தீவே அல்ல, சமவெளியில் நின்ற ஒரு குன்று. அதே காலத்தில் குமரிமுனைக்குத் தெற்கே கூடுதலாகத் தெரிந்திருக்கக்கூடிய நிலமோ சில பத்துக் கிலோமீட்டர்தான். தென்சீனக் கடலடியில் துளையிட்டு எடுத்த வண்டலின்படி, ஏறக்குறைய 14,500 ஆண்டுகளுக்கு முன் கடல் முந்நூறு ஆண்டுகளில் பதினாறு மீட்டர் ஏறியது. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர். இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே உயரும் சமவெளியாக இருந்தால், கரை ஆண்டுதோறும் 250 மீட்டர் உள்ளே நடந்து வரும். பத்து வயதில் ஒரு பிள்ளை விளையாடிய இடத்திலிருந்து கரை அதற்கு முப்பது வயதாகும்போது ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒருவரும் மூழ்கிச் சாக மாட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அடுப்பை மாற்றி மாற்றி வைக்கும், தாத்தாவைப் புதைத்த இடம் எங்கே என்று பேரனுக்குக் காட்ட முடியாமல் போகும். உங்கள் பேரலைக் காட்சியைவிட இது என்னை அதிகம் அச்சுறுத்துகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அந்த மக்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டாதீர்கள். அவர்கள் தமிழர் அல்லர். அவர்கள் பேசிய மொழி ஒருவருக்கும் தெரியாது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் 2017இல் சிப்பி மேட்டில் கிடைத்த, 5,700 ஆண்டு பழமையான பெண்ணின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. நாம் இந்தக் கரைக்கு வந்த கதைக்கு வேறு சான்றுகள் இருக்கின்றன, அவை சிறியவை. உரையாசிரியர் கடாரம் என்று பொருள் சொல்லும் காழகத்தின் செல்வத்தைப் பட்டினப்பாலை பேசுகிறது. தென்தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த, பெரும்பதன் என்ற பொற்கொல்லனின் உரைகல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. சுமத்ராவின் பாருசில் தமிழ் வணிகக் குழு 1088இல் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் கடல் கொண்ட பேரரசு ஏன் இனிக்கிறது என்பது எனக்குப் புரிகிறது, நானும் அந்த லயத்தில்தான் பிறந்தேன். ஆனால் தன் உரைகல்லில் பெயர் எழுதி வைத்த அந்தத் தட்டான் எனக்கு எழுநூறு காவதத்தைவிட நெருக்கமானவன்.

ஆராய்ச்சி என்று நான் கேட்டது பெரிய நூலகத்தையல்ல. ஒவ்வொரு செய்தியையும் முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எதை விளக்குவதற்காக என்று கேட்டுவிட்டு, பிறகு அதை யாராவது திரும்பப் பெற்றார்களா என்றும் பாருங்கள். ஜாவாவின் குனோங் பாடாங் 27,000 ஆண்டுப் பழங்கட்டடம் என்று 2023இல் வந்த கட்டுரையை நீங்களும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். காலம் கணித்தது மண்ணைத்தான், மனிதன் கைபட்ட எதனோடும் அந்த மண்ணுக்குத் தொடர்பு காட்டவில்லை என்பதால், 2024 மார்ச்சில் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

கையெழுத்துப் பிரதியை இத்துடன் மீண்டும் அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன். பால்மரத்தையும் மிளகாயையும் எடுத்துவிடுங்கள், பத்து நிமிடத்தை நான்கு மணி நேரமாக்குங்கள். மூன்றாம் பக்கத்தில் கிழவி ஒருத்தி உப்பு நீரேறிய கிணற்றை மூடச் சொல்லும் இடம் நன்றாக வந்திருக்கிறது, அதை வெட்டாதீர்கள். முடிந்தால் கதையை அங்கிருந்தே தொடங்குங்கள்.