விழுந்தது கால், முறிந்தது பயணம்: டிக்கெட் பணம் எவ்வளவு திரும்பும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. 6 வாரம் கட்டு. இன்னும் 5 நாளில் இருவரும் டெல்லி போக வேண்டும், ஒரே பிஎன்ஆர். இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "நான்-ரீஃபண்டபிள் டிக்கெட், ஒன்றும் வராது" என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பாதி உண்மை. அடிபட்டதற்காக அடிப்படைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை, நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டில் உங்களுக்கு இல்லை. அது நிறுவனம் மனம் வைத்துத் தருவது. ஆனால் "ஒன்றும் வராது" என்பது தவறு. அரசு வரிகளையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி. ஆஃபர் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். பயணி வராமலே போன 'நோ-ஷோ'வுக்கும் பொருந்தும்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு, டிக்கெட் 5,300 ரூபாய் என்று வையுங்கள். அதில் அடிப்படையும் எரிபொருளும் 3,600; விமான நிலையக் கட்டணங்கள் 1,150; ஜிஎஸ்டி 180; கன்வீனியன்ஸ் கட்டணம் 370. நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 4,500 என்று போட்டிருந்தாலும் 3,600-க்கு மேல் பிடிக்க முடியாது. அந்த 1,150-ஆவது கைக்கு வந்தாக வேண்டும். டிக்கெட் பதிவுக்காகப் பிடிக்கும் கன்வீனியன்ஸ் கட்டணத்தை மறந்துவிடுங்கள், அது அநேகமாகத் திரும்பாது. ரீஃபண்டைச் செயல்படுத்த என்று தனியாக ஒரு கட்டணம் பிடித்தால் மறுத்துக் கேளுங்கள், விதிப்படி கூடாது.

ஆக, டிக்கெட் பிரதியில் கட்டணப் பிரிவு இருக்கும் பக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள். சிலவற்றில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அப்போது நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆர் கொடுத்து ஜிஎஸ்டி இன்வாய்ஸை இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து டாக்டர் சான்றிதழ். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் அடிபடுகின்றன. "6 வாரம் பெட் ரெஸ்ட்" என்ற வரி போதாது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை விமானப் பயணத்துக்குத் தகுதியில்லை, அதாவது 'அன்ஃபிட் ஃபார் ஏர் டிராவல்' என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிகளுக்குள் உங்கள் பயண நாள் விழ வேண்டும். லெட்டர்ஹெட், டாக்டரின் பதிவு எண், முத்திரை, கையெழுத்து நான்கும் வேண்டும். பெயர் டிக்கெட்டில் உள்ளபடியே இருக்கட்டும். டிக்கெட்டில் இனிஷியலை விரித்திருந்து சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழின் தேதி விமான நாளுக்கு முந்தியதாக இருப்பது முக்கியம். பயண நாள் கடந்தபின் வாங்கியதை யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். கூடவே எக்ஸ்ரே அறிக்கை, அட்மிட் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி.

உங்கள் டிக்கெட் தனிக் கதை. அடிபடாதவருக்கு நிறுவனங்கள் சலுகை தருவது அரிது. "நோயாளிக்கு உடன் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும்" என்று அதே சான்றிதழில் ஒரு வரி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் மட்டும் எப்படியும் போக வேண்டியிருந்தால், முழு பிஎன்ஆரையும் ரத்து செய்துவிடாதீர்கள். அம்மாவின் பெயரை மட்டும் பிரித்து ரத்து செய்யச் சொல்லுங்கள்.

இவற்றை இணைத்து நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். ஒரே மெயிலில் மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்: மருத்துவக் காரணத்தால் ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், முடியாவிட்டால் கட்டணமில்லாமல் ஒருமுறை தேதி மாற்றித் தாருங்கள், அதுவும் முடியாவிட்டால் முழுத் தொகைக்குக் கிரெடிட் ஷெல் (பிறகு அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கப் பயன்படும் வரவு) தாருங்கள். போனில் பேசினால் புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். தேவனஹள்ளி விமான நிலையம் வரை டாக்ஸி பிடித்துப் போய் கவுன்டரில் கெஞ்சுவது வீண். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது.

பதில் வரும் வரை காத்திருக்கலாமா? கொஞ்சம்தான். பல நிறுவனங்களில் புறப்பட 3 நாளுக்குள் வந்துவிட்டால் ரத்துக் கட்டணம் கூடும். உங்களுக்கு 5 நாள் இருப்பதால் முதல் இரண்டு நாளை மெயிலுக்குக் கொடுங்கள். அதற்குள் பதில் இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு, தள்ளுபடிக் கோரிக்கையை அதே புகார் எண்ணில் தொடருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் நோ-ஷோ ஆகவிடாதீர்கள். வெப் செக்-இன் செய்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் சில தளங்கள் ரத்தை ஏற்காது. போக-வர ஒரே டிக்கெட் என்றால், போகும் விமானத்தை விட்டுவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் தானாகவே ரத்தாகிவிடக்கூடும்.

ரத்து பொத்தானை அழுத்தும் முன் மெயில்பெட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விமானத்தை நிறுவனமே ரத்து செய்திருந்தால் முழுப் பணமும் உங்கள் உரிமை. நேரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தாலும் கட்டணமில்லாமல் ரத்து செய்ய வழி கொடுப்பது வழக்கம்.

தேதி மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கட்டு பிரிக்கும் நாள் உறுதியாகத் தெரியாமல் மாற்றினால், மாற்றுக் கட்டணம், கட்டண வித்தியாசம், பிறகு மறுபடி ரத்து என்று மூன்று முறை கையை விட்டுப் போகும். கிரெடிட் ஷெல்லைக் கட்டாயப்படுத்தினால் ஏற்க வேண்டியதில்லை; திரும்ப வேண்டிய பணத்தை அப்படி வைத்துக்கொள்வதா என்பது பயணியின் விருப்பம். ஏற்றால், எந்தத் தேதி வரை செல்லும், யார் பெயரில் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்ட வரைவில், மருத்துவ அவசரத்தால் ரத்து செய்தால் நிறுவனம் ரீஃபண்டோ கிரெடிட் ஷெல்லோ தரலாம் என்று ஒரு பிரிவு இடம்பெற்றது. 'தரலாம்' என்றுதான் இருந்தது, 'தர வேண்டும்' என்றில்லை. ஆனாலும் மெயிலில் குறிப்பிடுங்கள். கேட்பவர் விவரம் தெரிந்தவர் என்பது எதிராளிக்குப் புரியும்.

கேள்வி: சிவாஜிநகரில் ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டை, கை முறிந்ததால் ரத்து செய்தேன். ஏஜென்ட், "ஏர்லைன்ஸ் பணம் அனுப்பவில்லை" என்கிறார். ஏர்லைன்ஸ், "ஏஜென்டுக்கு அனுப்பியாயிற்று" என்கிறது.
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்கிறது டிஜிசிஏ விதி. கிரெடிட் கார்டில் நேரடியாக வாங்கியதென்றால் 7 நாள். ஏஜென்ட் வழியில் கூடுதல் அவகாசம் உண்டு. எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்று நிறுவனத்திடம் மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் பணம் ஏஜென்டின் வாலட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிலைக் காட்டினால் ஏஜென்டுக்கு மறுபேச்சு இருக்காது. கார்டுக்கு அனுப்பியதாகச் சொன்னால் ஏஆர்என் எண்ணையும், யுபிஐ என்றால் யுடிஆர் எண்ணையும் (இரண்டும் பணப் பரிமாற்றத்தைத் தேடிப் பிடிக்க உதவும் எண்கள்) வாங்கி உங்கள் வங்கியில் கொடுங்கள்.

நகரவில்லையென்றால் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, பிறகு அப்பீல் அதிகாரி. இருவரின் விவரமும் நிறுவனத் தளத்தில் இருக்கும். அடுத்து, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலி. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, இ-ஜாக்ருதி தளத்தில் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. திருப்ப வேண்டிய பணத்தைப் பிடித்து வைத்திருந்தால் வழக்கில் பலம் இருக்கும். விதிப்படி பிடித்த ரத்துக் கட்டணத்துக்காகப் படியேறுவது நேரத்துக்குக் கேடு.

கூகுளில் கிடைக்கும் 'ரீஃபண்ட் ஹெல்ப்லைன்' எண்களை நம்பாதீர்கள். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், யுபிஐ பின் கேட்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930.

கேள்வி: வெளிநாட்டு விமான நிறுவனத்தில் சிங்கப்பூர் டிக்கெட். இதே விதிகளா?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: இல்லை. எவ்வளவு திருப்புவது என்பதில் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி நடக்கும். டிக்கெட்டின் ஃபேர் ரூல்ஸை, அதாவது கட்டண நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி, மருத்துவக் காரணத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள். பயன்படுத்தாத வரிகளைத் தனியாக விண்ணப்பித்துக் கேளுங்கள். டிக்கெட் வாங்கிய கிரெடிட் கார்டிலேயே பயண இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பல கார்டுகளில் இருப்பது விபத்து மரண இழப்பீடு மட்டும். பயண ரத்துக்கு உதவாது.

கேள்வி: கட்டோடு பறக்கவே முடியாதா?
– வாசகி, ஜெயநகர்

பதில்: முடியும். மாவுக்கட்டு போட்டு, 2 மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் 24 மணி நேரமும், அதற்கு மேல் என்றால் 48 மணி நேரமும் கழிய வேண்டும் என்பது சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் மருத்துவ வழிகாட்டுதல். புதுக் கட்டுக்குள் வீக்கம் கூடி ரத்த ஓட்டத்தை நெருக்கும் என்பதே காரணம். கட்டை நீளவாக்கில் பிளந்து வைத்தால் முன்னதாகவே அனுமதிப்பார்கள். டாக்டரின் 'ஃபிட் டு ஃப்ளை' சான்றிதழோ நிறுவனத்தின் மெடிஃப் எனும் மருத்துவத் தகவல் படிவமோ கேட்பார்கள். வீல்சேருக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். தொடை வரை கட்டு இருந்து முழங்கால் மடங்காதென்றால் சாதாரண இருக்கையில் உட்கார முடியாது. கால் நீட்ட இடமிருக்கும் என்று எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையையும் கேட்காதீர்கள், கட்டுக் காலோடு அங்கே உட்கார விடமாட்டார்கள். கூடுதல் இருக்கைகள் வாங்க வேண்டிவரும். அதன் விலையோடு ஒப்பிட்டால் ரத்துக் கட்டணமே மலிவாகத் தெரியலாம்.