‘பழைய விலை’ எத்தனை நாள் பழையது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூப்பர்மார்க்கெட் பற்றியவை. அதிலிருந்தே தொடங்கிவிடுவோம்.

கேள்வி: வாராவாரம் மளிகைக்குப் போகிறேன். எந்த அலமாரியைப் பார்த்தாலும் விலை குறைந்துவிட்டதாகச் சீட்டு தொங்குகிறது. பில் மட்டும் குறைந்தபாடில்லை. கோல்ஸ், வூல்வொர்த்ஸ் மீது வழக்கு என்று செய்தியில் வந்ததே, அது இந்த விஷயம்தானா? – வாசகி, வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: இதேதான். 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் (சுருக்கமாக ஏசிசிசி) இரண்டு நிறுவனங்கள் மீதும் ஃபெடரல் நீதிமன்றத்தில் தனித்தனியாக வழக்குத் தொடுத்தது. வூல்வொர்த்ஸின் ‘பிரைசஸ் டிராப்ட்’, கோல்ஸின் ‘டவுன் டவுன்’ என்ற இரண்டு சீட்டுகள்தான் பிரச்சினை. வூல்வொர்த்ஸில் 266 பொருள்கள், கோல்ஸில் 245 பொருள்கள் என்று ஆணையம் கணக்குக் கொடுத்தது.

குற்றச்சாட்டு எப்படிப்பட்டது என்பதற்கு ஆணையமே காட்டிய ஒரு உதாரணம் போதும். வூல்வொர்த்ஸில் 370 கிராம் ஓரியோ பிஸ்கட் பாக்கெட் 2021 தொடக்கத்திலிருந்து 2022 நவம்பர் கடைசி வரை வழக்கமாக 3.50 டாலர். திடீரென்று 5 டாலர் ஆனது. 22 நாள் கழித்து ‘பிரைசஸ் டிராப்ட்’ சீட்டு: முன்பு 5 டாலர், இப்போது 4.50. வாங்கியவருக்கு 50 சென்ட் மிச்சம் என்று தோன்றியிருக்கும். ஒரு மாதத்துக்கு முந்தைய விலையோடு பார்த்தால் அவர் கொடுத்தது ஒரு டாலர் கூடுதல். கோல்ஸ் தரப்போ தன் மீதான வழக்கில், அது பணவீக்கம் ஏறிய காலம், சப்ளையர்கள் வரிசையாக விலை ஏற்றினார்கள், அதனால்தான் நாங்களும் ஏற்றினோம் என்று பதில் சொன்னது.

ஒன்றைக் கவனியுங்கள். விலையை ஏன் ஏற்றினாய் என்று இந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. ஏற்றிவிட்டு, இறக்கியதாக எப்படிக் காட்டலாம் என்பதுதான் கேள்வி. ஆகவே வழக்கில் யார் ஜெயித்தாலும் உங்கள் பில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதே ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி நாட்டின் சூப்பர்மார்க்கெட் விற்பனையில் 67 சதவீதம் இந்த இரண்டு நிறுவனங்கள் கையில். ஒன்றில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தால், கார் பார்க்கிங்கைத் தாண்டி இருப்பது பெரும்பாலும் இன்னொன்றுதான்.

நான் சொல்வது இதைத்தான்: பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் ‘100 கிராமுக்கு இவ்வளவு’ என்பதை மட்டும் படியுங்கள். 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள சூப்பர்மார்க்கெட்டுகளும், ஆன்லைனில் மளிகை விற்பவர்களும் இதைக் காட்டியே ஆக வேண்டும். பாக்கெட் சிறுத்துப்போய் விலை அப்படியே நின்றாலும் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்க்காரர்களின் மளிகைக் கடைகள் பெரும்பாலும் சின்னவை, அவற்றுக்கு இந்த விதி கிடையாது. துவரம்பருப்பு, பொன்னி அரிசி மூட்டைக்கெல்லாம் ஃபோன் கால்குலேட்டர்தான் கதி. பெரிய மூட்டை எப்போதும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், வூல்வொர்த்ஸின் எவ்ரிடே ரிவார்ட்ஸ் கார்டு வைத்திருந்தால் அதன் ஆப்பில் உங்கள் பழைய ரசீதுகள் இருக்கும். அவர்கள் உங்களைப் பற்றி இவ்வளவு குறித்து வைக்கும்போது, நீங்களும் அதைத் திறந்து போன தடவை இதே எண்ணெய்க்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பார்ப்பதில் என்ன தப்பு? ‘பழைய விலை’க்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அலமாரியில் போட்டிருந்ததைவிடக் கல்லாவில் கூடுதலாக ஸ்கேன் ஆனால், பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் தாங்களே ஏற்றுக்கொண்ட விதிப்படி அந்த முதல் பொருளை இலவசமாகத் தர வேண்டும். மது, சிகரெட் போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

கேள்வி: 1,800 டாலருக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் 14 மாதத்தில் குளிரவே மாட்டேன் என்கிறது. ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டதாம். "கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள்" என்கிறது கடை. வாங்கும்போதே நீட்டிப்பு வாரண்டி எடுத்திருக்க வேண்டும் என்று மனைவி இப்போது சொல்லிக் காட்டுகிறார். – வாசகர், டான்டினாங், மெல்பர்ன்

பதில்: நீட்டிப்பு வாரண்டி எடுக்காததற்காக நீங்கள் திட்டு வாங்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி வாரண்டி ஒரு கணக்கு, சட்டம் தரும் உத்தரவாதம் வேறு கணக்கு. பொருள் ‘நியாயமான காலம்’ வரை உழைக்க வேண்டும். எத்தனை மாதம் என்று சட்டம் எண் போடவில்லை. விலை, பொருளின் தன்மை, எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவாகும். 1,800 டாலர் ஃபிரிட்ஜ் 14 மாதத்தோடு சரி என்று எந்த நியாயஸ்தரும் சொல்லமாட்டார்.

கடை உங்களைக் கம்பெனி பக்கம் தள்ளிவிடவும் முடியாது. விற்றவர்தான் முதல் பொறுப்பு. கோளாறு பெரியதாக இருந்தால் பணம் திரும்ப வேண்டுமா, வேறு ஃபிரிட்ஜ் வேண்டுமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். சின்னக் கோளாறு என்றால் முதலில் சரிசெய்து தரும் வாய்ப்பு கடைக்கு உண்டு, நியாயமான காலத்துக்குள். ஃபிரிட்ஜ் குளிரவே இல்லை என்பதைச் சின்னக் கோளாறு என்று எப்படிச் சொல்வது? ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று பலகை மாட்டுவதே சட்டத்துக்கு விரோதம். அட்டைப்பெட்டியைக் கொண்டுவா என்று கேட்கவும் கூடாது.

போனில் சண்டை போடாதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, ரசீது, என்ன கோளாறு, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். ‘நுகர்வோர் சட்டப்படியான உத்தரவாதம்’ என்ற வார்த்தையை மறக்காமல் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் தொனி மாறிவிடும் கடைகள் உண்டு. மசியவில்லை என்றால் விக்டோரியாவில் மாநில நுகர்வோர் அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ், அதற்கு அடுத்து விகேட் தீர்ப்பாயம். நியூ சவுத் வேல்ஸ்காரர்களுக்கு ஃபேர் டிரேடிங், அப்புறம் என்கேட் தீர்ப்பாயம். ஏசிசிசி-க்கு எழுதினால் புகாராகப் பதிவாகும், ஆனால் தனிப்பட்ட வழக்கை அவர்கள் பேசித் தீர்ப்பதில்லை.

வாங்கிய பிறகு மனம் மாறியது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் உதவாது. அங்கே கடையின் பெருந்தன்மைதான். அடுத்த முறை நீட்டிப்பு வாரண்டி விற்க வந்தால், "சட்டம் ஏற்கெனவே தருவதைவிட இது கூடுதலாக என்ன தருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காப்பிக் கடையில் கார்டு தட்டினால் 1.9 சதவீதம் சர்சார்ஜ். காசாகத் தருகிறேன் என்றால் வாங்கமாட்டார்களாம். இது அநியாயம் இல்லையா? – வாசகி, பாரமட்டா

பதில்: காசு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் காப்பிக் கடைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சர்சார்ஜ் இல்லாமல் பணம் கட்ட ஒரு வழியும் இல்லையென்றால், அந்தத் தொகை பலகையில் எழுதிய விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். 5 டாலர் என்று எழுதிவிட்டு 5.10 எடுக்கக் கூடாது.

அதோடு, கார்டை ஏற்பதற்குக் கடைக்கு ஆகும் செலவுக்கு மேல் சர்சார்ஜ் வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கி சொல்லும் பொதுவான கணக்கு: எப்ட்போஸுக்கு (உள்நாட்டு டெபிட் கார்டு முறை) அரை சதவீதத்துக்கும் குறைவு, விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம், கிரெடிட் கார்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை. சின்னக் கடைகளுக்கு உண்மையிலேயே கூடுதலாக ஆவதும் உண்டு, அதனால் 1.9 என்றதும் திருட்டு என்று முடிவுகட்ட முடியாது. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி இந்த சர்சார்ஜையே எடுத்துவிடலாம் என்று யோசனை வைத்தது. வருடத்துக்கு 120 கோடி டாலர் மக்களுக்கு மிச்சமாகும் என்பது அதன் மதிப்பீடு. எடுத்துவிட்டால் காப்பி விலை கொஞ்சம் ஏறும் என்றே நினைக்கிறேன். பரவாயில்லை, குடிக்கும் முன்பே எவ்வளவு என்று தெரியுமே.

கேள்வி: சோஃபா, டிவி எல்லாம் 60 மாதம் வட்டியில்லாமல் எடுக்கலாமா? – வாசகர், பெண்டில் ஹில்

பதில்: வட்டி இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஃபர்னிச்சர், எலக்ட்ரானிக்ஸ் விற்கும் ஹார்வி நார்மன் 2020, 2021-ல் இப்படித்தான் விளம்பரம் செய்தது: முன்பணம் இல்லை, வட்டி இல்லை, 60 மாதம். அந்தச் சலுகை வேண்டுமென்றால் லாட்டிட்யூட் நிறுவனத்தின் கிரெடிட் கார்டு எடுத்தாக வேண்டும், அதற்கு மாதக் கட்டணம் உண்டு என்பது மக்களுக்குச் சரியாகப் புரியும்படி சொல்லப்படவில்லை. நிதித்துறைக் கண்காணிப்பாளரான ஆசிக் தொடுத்த வழக்கில், அந்த விளம்பரங்கள் தவறாக வழிநடத்தின என்று 2024-ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாதம் 8 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 60 மாதத்தில் 480 டாலர். 1,200 டாலர் டிவிக்கு இதை வட்டி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? கையில் பணம் இருந்தால் அதே கடையில், "இப்போதே முழுதாகத் தருகிறேன், கடைசி விலை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ், ஃபர்னிச்சர் கடைகளில் இங்கேயும் பேரம் நடக்கும்.

கேள்வி: பெர்த்திலிருந்து சிட்னிக்கு மாறி வந்திருக்கிறோம். அங்கே நாளைக்குப் பெட்ரோல் என்ன விலை என்று இன்றைக்கே தெரியும். இங்கே எப்படி? – வாசகர், டூங்காபி

பதில்: அந்த வசதி இங்கே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபியூவல்வாட்ச் முறையில் காலை 6 மணிக்கு வைத்த விலை 24 மணி நேரம் மாறாது, மறுநாள் விலை முந்தைய பிற்பகலே வந்துவிடும். சிட்னியில் பங்க்காரர் எந்த நேரமும் மாற்றலாம். மாற்றியதை நியூ சவுத் வேல்ஸ் அரசின் ஃபியூவல்செக் ஆப்பில் உடனே பதிய வேண்டும், அவ்வளவுதான். பெர்த் போல வாரத்தில் இந்த நாள் மலிவு என்ற கணக்கும் சிட்னிக்குச் சரிவராது. இங்கே விலைச் சுற்று பல வாரம் இழுக்கும், ஏறும்போது மளமளவென்று ஏறி, மெதுவாகத்தான் இறங்கும். சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை ஏசிசிசி தன் இணையதளத்தில் சொல்கிறது. இறங்குகிறது என்றால் பாதி டேங்க் மட்டும் போட்டுக் காத்திருங்கள். ஏற ஆரம்பித்துவிட்டது என்றால் அன்றைக்கே ஃபியூவல்செக்கைத் திறந்து, இன்னும் விலை ஏற்றாத பங்க்கைத் தேடிப் போய் நிரப்பிவிடுங்கள்.