கோத்தகிரிக் குளிரில் ஐந்து மணி ஓட்டம் எதற்கு?

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த எட்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது, விடியற்காலை ஐந்து மணி ஓட்டம் இரண்டே வாரத்தில் நின்றுபோனது, சோற்றை நிறுத்தியதால் இரவில் பசி தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நின்றதே நல்லது. அந்த இருட்டில் தேயிலைத் தோட்டத்து வளைவில் காட்டெருமை நின்றால் தெரியாது. நானே ஒருமுறை பத்தடி தூரத்தில் அதன் மூச்சுப் புகையைப் பார்த்துத் திரும்பியவன்.

சோற்றைக் குறை சொல்லாதீர்கள், தேநீரை எண்ணுங்கள். குளிருக்கு இதமாக நாளைக்கு ஆறு தம்ளர், தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். கூடவே வர்க்கி என்ற மொறுமொறு பண்டம் வேறு. மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக! முதல் மாதம் தேக்கரண்டியை ஒன்றாக்குங்கள், வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். வேறெதையும் தொடவேண்டாம்.

இரவில் ஒரு கரண்டி சோறு, அதற்கு இரண்டு மடங்கு பீன்ஸ், கேரட் பொரியல், ஒரு முட்டை அல்லது வேகவைத்த மொச்சை. பசி அடங்கும்.

வாரத்துக்கு 150 நிமிட நடை போதும். அலுவலகம் விட்டதும் வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நேரம், ஐந்து நாள். இங்கே எல்லாச் சாலையும் ஏற்றம்தான். பேச முடிந்து, பாட முடியாத வேகத்தில் ஏறுங்கள். முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தில், அங்கே அவசரம் வேண்டாம்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள். மாதம் ஒன்றரை கிலோ இறங்கினாலே எனக்குத் திருப்தி.