விழாமல் நடமாட: முதியோர் பயிற்சி குறித்த கேள்வி பதில்

முதியோருக்கான இயன்முறை மருத்துவம் என் துறை. வீட்டுக்குள் தடுமாறி விழும் பெரியவர்களுக்கு எந்தப் பயிற்சி உதவும், எது உதவாது என்று கேட்டு ஏராளமானோர் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும், மருந்து பற்றியவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கீழே சொல்லப்படும் எந்தப் பயிற்சியையும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். எடையற்ற அந்த நாற்காலி, பிடித்தவர் சாயும் பக்கமே தானும் சாயும். சமையல் மேடை, சுவரில் பதித்த ஜன்னல் கம்பி, கனமான மர மேசை ஆகியவைதாம் பிடிமானம்.

கேள்வி (சென்னை): என் அம்மாவுக்கு 76 வயது. சென்ற ஆண்டு குளியலறை வாசலில் விழுந்தார், எலும்பு முறியவில்லை. அதன்பின் பயந்துபோய்ப் பெரும்பாலும் கட்டிலிலேயே இருக்கிறார். அவருக்கு ஓய்வு நல்லதா, பயிற்சி நல்லதா?

பதில்: விழும்போது அவர் நினைவிழந்தாரா என்பதை முதலில் கேட்டறியுங்கள். நினைவிழந்திருந்தால் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே மற்றதெல்லாம். அப்படி இல்லையென்றால், இந்த ஓய்வே அவரை மறுபடி விழச் செய்யும். பயந்து படுத்திருப்பவரின் தொடைத் தசைகள் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். மெலிந்த கால் மேலும் தடுமாறும். தடுமாற்றம் பயத்தை வளர்க்கும். 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார் என்பதால், உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இத்தகையோருக்காகவே வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. நியூசிலாந்தின் டனீடன் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் ஆகியோர் அடங்கிய குழு அதை உருவாக்கியது. 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களிடம் நடத்தி, 1997-இல் வெளியிட்ட முதல் ஆய்வில், ஓராண்டில் பயிற்சி செய்யாத குழுவினர் 152 முறை விழுந்தனர். பயிற்சி செய்த குழுவினர் 88 முறை விழுந்தனர். பின்னர் நான்கு ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,016 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுதலும் விழுதலால் ஏற்படும் காயமும் 35 விழுக்காடு குறைந்திருந்தன. அந்தப் பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை. பயிற்சியாளர் சில முறை வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்ததை, அவர்களே தங்கள் வீட்டில் தொடர்ந்து செய்தார்கள்.

அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது கால் வலு. கணுக்காலில் எடைப்பட்டை கட்டி, நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டுதல், நின்றபடி முழங்காலைப் பின்புறம் மடக்குதல், காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். எட்டு முதல் பத்து முறை ஒழுங்காகச் செய்ததும் தசை களைத்துவிட வேண்டும். அதுவே அவருக்கு உரிய எடை. எடைப்பட்டை கிடைக்காவிட்டால், துணிப்பையில் மணலை நிறுத்துப் போட்டுத் தைத்துக் கட்டலாம். இரண்டாவது சமநிலை. குதிகாலை உயர்த்தி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களுக்கு முன்னே ஒட்டி வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது என்று இது படிப்படியாகக் கடினமாகும். இவை இரண்டையும் வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் செய்ய வேண்டும். மூன்றாவது நடை, அது வாரம் இரண்டு நாள்.

உங்கள் அம்மா சமையல் மேடை முன்னே நின்று, இரு கைகளாலும் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவதில் தொடங்கட்டும். அது எளிதானதும் ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு கையை மேடைக்கு மேலே தொடாமல் வைத்தல் என்று பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இதைக் கைவிட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பயிற்சி பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான். முதல் நாள் செய்த அதே எளிய பயிற்சியை ஆறு மாதம் கழித்தும் இரு கைகளால் பிடித்துக்கொண்டே செய்தால் சமநிலை வளராது. சற்றே தள்ளாடும் நிலையில், விழாத பாதுகாப்போடு நிற்கும்போதுதான் அது வளர்கிறது.

கேள்வி (திருச்சி): டாய் சி என்ற, மெதுவான அசைவுகளாலான சீனப் பயிற்சியைக் காணொளி பார்த்து அப்பா செய்யலாமா? வயது 72. இதுவரை விழுந்ததில்லை.

பதில்: செய்யலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 670 முதியோரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், விழுதலைத் தடுப்பதற்கென்றே தகவமைத்த டாய் சியை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள் செய்தவர்கள், தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக, கட்டுப்பாட்டோடு மாற்றுவதே அதன் உயிர். காணொளியில் வேகத்தைப் பார்க்காமல் இந்த எடை மாற்றத்தைப் பாருங்கள். திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைப்பது ஆபத்து. முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு எழுந்து செய்யச் சொல்லுங்கள். அருகில் பிடிமானம் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): யோகாசனம் போதாதா?

பதில்: நின்றபடி செய்யும் ஆசனங்கள் சமநிலையை மேம்படுத்தும். படுத்தும் அமர்ந்தும் மட்டுமே செய்யும் ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் இந்த நோக்கத்துக்குப் போதா.

கேள்வி (கோவை): எனக்கு 74 வயது. பல ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் நடக்கிறேன், ஒருமுறையும் விழுந்ததில்லை. நீங்கள் நடையை மூன்றாம் இடத்தில் வைத்தது சரியன்று. நடையைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

பதில்: ஐயா, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நடை நல்லது, அதை நிறுத்தும்படி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் விழுதலைத் தடுக்குமா என்பது தனிக் கேள்வி. சிட்னியில் உடலுழைப்புக் குறைந்த 386 முதியோரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் முன்பைவிட அதிகம் நடந்தார்கள். விழுதலில் மட்டும் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் கை எலும்பு முறிந்து தேறிய பெண்களிடம் நடத்திய 1997-ஆம் ஆண்டு ஆய்வில், விரைந்து நடக்கச் சொல்லப்பட்ட குழுவில் விழுந்தவர்கள் கூடினார்கள். நீங்கள் விழாததற்கு நடை காரணமாக இருக்கலாம். நன்றாக நடக்க முடிந்த உடல்வாகு உங்களை இத்தனை ஆண்டுகள் நடக்கவைத்திருக்கிறது என்பதும் காரணமாக இருக்கலாம். ஒருவருடைய அனுபவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

கேள்வி (கோவை, மீண்டும்): நடக்கும்போதுதானே மனிதர் விழுகிறார்? அப்படியானால் நடந்து பழகுவதுதானே தீர்வு?

பதில்: இது நல்ல கேள்வி, இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். கனடாவில் முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் நிறுவிய கேமராக்களில் பதிவான 227 விழுதல்களை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 41 விழுக்காட்டுக்குக் காரணம் உடல் எடையைத் தவறாக மாற்றியதே. இடறி விழுந்தவை 21 விழுக்காடு. முன்னோக்கி நடக்கையில் நிகழ்ந்தவை ஏறத்தாழ கால் பங்குதான். சும்மா நிற்கும்போதும், நாற்காலியில் அமர முற்படும்போதும் கணிசமானோர் விழுந்தனர். வீட்டில் வாழும் முதியோர் இவர்களைவிடத் திடமானவர்கள் என்பதால் இதே விகிதத்தை அவர்களுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் உடல் எங்கே தவறுகிறது என்பதை இது காட்டுகிறது. சமதரையில் நேராக, தமக்குப் பழகிய வேகத்தில் நடப்பவரின் உடல், அடுத்த அடி எங்கே விழும் என்பதை முன்பே அறிந்திருக்கிறது. அழைப்புமணி கேட்டுச் சட்டெனத் திரும்பும்போதும், அலமாரியின் மேல்தட்டை எட்டும்போதும், இருட்டில் கட்டிலிலிருந்து எழும்போதும் அந்த முன்னறிவு இல்லை. அப்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் உடலை நிறுத்த வேண்டும்; கால் விரைந்து ஓரடி பக்கத்தில் ஊன்ற வேண்டும். நேர்நடை இவ்விரண்டையும் போதிய அளவு பழக்குவதில்லை. ஆகவே ஐயா, நடையை விடாமல், அதனுடன் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கோவை ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் அம்மம்மா எந்தப் பயிற்சியும் செய்தவர் அல்லர். தோட்டத்தில் வேலை செய்தார், கிணற்றில் நீர் அள்ளினார், கடைசிவரை திடமாக இருந்தார்.

பதில்: அம்மம்மா நாள் முழுவதும் பயிற்சிதான் செய்திருக்கிறார். குந்தி எழுந்தார், வரம்பில் ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நடந்தார், நீர் நிறைந்த வாளியின் பாரத்தை உடலின் ஒரு பக்கத்தில் தாங்கினார். இவை சமதரை நடை அல்ல என்பதைக் கவனியுங்கள்; நான் வாதிடுவதற்கு அவர் சான்றாகிறார். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்ட முறையும் உண்டு. சிட்னியில் லிண்டி கிளெம்சன் தலைமையில், ஏற்கெனவே விழுந்திருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 317 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், சமநிலைப் பயிற்சியையும் வலுப் பயிற்சியையும் அன்றாட வேலைகளுக்குள்ளேயே புகுத்தினார்கள். அதனால் விழுதல் 31 விழுக்காடு குறைந்தது. பல் துலக்கும்போது கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும், கீழே கிடக்கும் பொருளை முழங்காலை மடக்கி எடுப்பதும் அத்தகையவை. ஆயினும், முற்காலத்தவர் விழவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து மறைந்தவர்களும் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தார்கள்.

நடை பற்றி மேலும் பலர் எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் எட்டு வடிவில் நடப்பது பற்றிக் கேட்ட மூவருக்கும் ஒரே பதில்: திரும்புதல் அதில் இருப்பதால் நேர்நடையைவிட நல்லது, வலுப் பயிற்சிக்கு அது ஈடாகாது. மற்றவர்கள் மேலுள்ள பதில்களைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (சேலம்): கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் எடுத்தால் விழாமல் இருக்கலாமா?

பதில்: குறைபாடு உறுதியானவர்களுக்கு மருத்துவர் தருவது வேறு. நீங்களே கடையில் வாங்கி அதிக அளவில் விழுங்குவது வேறு. ஆஸ்திரேலியாவில் 2,256 மூத்த பெண்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு வைட்டமின் டி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள்; எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். மாத்திரை பயிற்சிக்கு மாற்றாகாது.

கேள்வி (ஈரோடு): காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் வலு வருமா?

பதில்: வராது. தேய்த்தபின் பாதத்தைத் துடைக்காமல் தரையில் வைத்தால் வழுக்கும்.

கேள்வி (வேலூர்): அப்பா இரவில் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. ஒட்டாகோ குழுவினரே 1999-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தூக்கத்துக்கும் மனநிலைக்கும் தரும் மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் விழுதல் 66 விழுக்காடு குறைந்தது. படிப்படியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரே குறைக்க வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): எழுந்ததும் தலை சுற்றுகிறது. எந்தப் பயிற்சி செய்யலாம்?

பதில்: முதலில் பயிற்சி இல்லை. படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருந்துகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கேள்வி (மதுரை): சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. வெறுங்காலில் இவற்றைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பின்புறம் பட்டையுள்ள, பாதத்தோடு பொருந்தும் காலணி அணிந்து செய்யுங்கள். முடித்ததும் பாதத்தில் கொப்புளம், சிராய்ப்பு உண்டா என்று பாருங்கள். பாதம் தரும் உணர்வு குறையும்போது உடல் கண்ணையே நம்பி நிற்கிறது. எனவே மங்கிய வெளிச்சத்தில் பயிற்சி செய்யாதீர்கள், கண்ணை மூடி நிற்கும் பயிற்சியை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (கடலூர்): அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: இதற்கு எழுத்தில் பதில் சொல்வது பொறுப்பாகாது. நரம்பியல் மருத்துவரையும், அவர் பரிந்துரைக்கும் இயன்முறை மருத்துவரையும் நேரில் காணுங்கள்.

கேள்வி (திண்டுக்கல், ஓசூர், விழுப்புரம் மற்றும் பலர்): எத்தனை நாளில் பலன் தெரியும்? எப்போது நிறுத்தலாம்?

பதில்: ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்திருப்பதால் ஒருமுறை மட்டும் சொல்கிறேன். வலு கூடுவதைச் சில வாரங்களில் உணரலாம். நிறுத்தும் நாள் என்று ஒன்று இல்லை. நிறுத்தினால் பலனும் படிப்படியாகக் கரையும். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சமநிலைக்கு உண்மையில் சவாலான பயிற்சியை வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் விழுதல் 39 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிடக் குறைந்த நேரம் வீண் என்பதன்று; ஆனால் ஒரு மாதம் செய்துவிட்டு ஓய்வதால் எதிர்பார்க்கும் பலன் கிட்டாது.

கேள்வி (நாகர்கோவில்): என் மாமியார் பகலில் தனியாக இருக்கிறார். விழுந்துவிட்டால் தரையிலிருந்து எழ முடியாதே என்பதுதான் அவருடைய பெரும் பயம்.

பதில்: அந்தப் பயம் நியாயமானது, விழுந்த காயத்தைவிட, மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே சிலருக்குப் பெருங்கேடாகிறது. எழுவதும் பழகிக்கொள்ளக் கூடியதே. விழுந்ததும் உடனே எழ முயலாமல், சில நிமிடங்கள் அசையாது கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தெரிந்தாலோ எழ முயலக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். அத்தகைய வலி இல்லையென்றால், ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளாலும் முழங்கால்களாலும் தவழும் நிலைக்கு வர வேண்டும். அப்படியே கட்டில் அல்லது கனமான மர நாற்காலி வரை தவழ்ந்து சென்று (பிளாஸ்டிக் நாற்காலி இங்கேயும் வேண்டாம்), அதன்மேல் இரு கைகளையும் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே வைத்து எழும்பி, மெல்லத் திரும்பி அமர வேண்டும். இதை முதலில் மெத்தைமேல், பிறகு தரையில் பாய் விரித்து, நீங்கள் அருகில் இருக்கும்போது பழக்குங்கள். முழங்காலை ஊன்ற முடியாதவராக இருந்தால் இயன்முறை மருத்துவரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வேறு வழியைக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். கைப்பேசியை மேசைமேல் வைக்காமல், கழுத்தில் தொங்கும் சிறு பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்ணை ஒரே பொத்தானில் அழைக்கும்படி அமைத்துக் கொடுங்கள்.