1/35 அளவு (அசலில் 35-இல் ஒரு பங்கு) டைகர் டாங்கி மாடலை வரலாற்றுக்குப் பொருத்தமாகக் கட்டுவது எப்படி? கவனமாக ஒட்டினாலும் ஏன் பொம்மை போலவே தெரிகிறது? உட்புற செட் வாங்க வேண்டுமா?

எந்தப் பாகத்தைப் போடுவது என்பதைப் பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பலர் சறுக்குவது அங்கேதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டைகர் 1 என்னும் ஜெர்மன் டாங்கியை 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை கட்டினார்கள். மொத்தம் சுமார் 1,350 வண்டிகள். கட்டக் கட்ட மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். தொடக்க கால வண்டியில் கமாண்டரின் குப்போலா (டாங்கியின் மேல் உள்ள பார்வைக் கூண்டு) உயரமான டிரம் வடிவில் இருக்கும். 1943 ஜூலையில் பெரிஸ்கோப் வைத்த தட்டையான குப்போலா வந்தது. சிம்மரிட் என்னும் காந்தக் கண்ணிவெடி எதிர்ப்புப் பூச்சு அதே ஆண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கியது. ரப்பர் விளிம்பு ஓடுசக்கரங்கள் போய் எஃகுச் சக்கரங்கள் வந்தது 1944 பிப்ரவரியில். மாடல் கிட் பெட்டியில் இரண்டு மூன்று காலத்துப் பாகங்களும் கலந்தே கிடக்கும். குறிப்புத்தாளும் "ஏ அல்லது பி" என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிரம் குப்போலாவும் எஃகுச் சக்கரமும் சேர்ந்த புது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்ததில்லை. பழுதுபார்க்கும் பணிமனையில் இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கியது உண்டு. ஆனால் அதைக் கட்டப் புகைப்படம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வண்டி, ஓர் இடம், ஒரு மாதம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "1943 வசந்தம், துனிசியா" என்றால் டிரம் குப்போலா, ரப்பர் சக்கரம், சிம்மரிட் கிடையாது. "1944 ஜூன், நார்மண்டி" என்றால் புதுக் குப்போலா, சிம்மரிட். சக்கரம் மட்டும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், படம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற டாங்கிகளுக்கும் இதே கணக்குதான். சோவியத் டாங்கியான டி-34-85 தயாரிப்பே 1944 தொடக்கத்தில்தான் வந்தது. 1943 கூர்ஸ்க் போர்க்களத்தில் அதை நிறுத்தினால் மீதி எவ்வளவு நுணுக்கமாக இருந்தும் பயனில்லை. அமெரிக்க டாங்கியான எம்4ஏ3இ8 ஷெர்மன் ஐரோப்பாவுக்கு வந்தது 1944 டிசம்பரில். நார்மண்டிக் கடற்கரையில் அதற்கு வேலை இல்லை.

ஆதாரமாக அந்தக் காலத்துப் படமே முதலிடம். இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட அசல் வண்டி. போல்ட் எங்கே, வெல்டு எப்படி ஓடுகிறது, கீல் எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் அதன் படங்கள் தங்கம். நிறத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். மறுசீரமைத்து மறுபடி பெயிண்ட் அடித்தது.

அடுத்தது பொம்மைத் தோற்றம். முக்கியக் காரணம் தடிமன். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். டைகரின் முன் கவசம் 100 மி.மீ.; 35-ஆல் வகுத்தால் 2.9 மி.மீ. பக்கக் கவசம் 80; அது 2.3. இவற்றைப் பிளாஸ்டிக்கில் சரியாக வார்க்க முடியும். சங்கிலிக்கு மேல் வரும் மட்கார்டு அப்படியில்லை. அசலில் அது சில மி.மீ. தகடு, மாடலில் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அச்சில் அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாததால் கிட்டில் 0.8 முதல் 1 மி.மீ. வரை கொடுத்திருப்பார்கள். அதாவது அசலில் 30 மி.மீ. கவசத் தட்டை மட்கார்டாக மாட்டிய மாதிரி. முழுவதையும் தேய்க்கத் தேவையில்லை. வெளி விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே வரை அடிப்பக்கமாகச் சரிவாக இழைத்து, கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் கத்தி முனை அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். உப்புத்தாளில் 240 கிரிட்டில் தொடங்கி 600-இல் முடியுங்கள். பீரங்கி வாயும் அப்படித்தான்: 88 மி.மீ. என்றால் துளை 2.5 மி.மீ. இருக்க வேண்டும். கிட்டில் சிறியதாக இருந்தால் டிரில் பிட்டைக் கையால் திருப்பி அகலப்படுத்துங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பித்தளை போட்டோஎட்ச் தாள்களை (அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய நுண்பாகங்களை) வாங்கிக் குவிப்பவர்கள் நிறைய. என் கணிப்பில் டைகருக்குக் கட்டாயம் தேவையான பித்தளை, எஞ்சின் மேல்தளக் காற்றுவழி வலைகள் மட்டும்தான்.

இரண்டாவது காரணம் சங்கிலிப் பட்டை. டைகரில் பட்டையைத் தாங்கும் மேல் உருளைகள் கிடையாது. பட்டை ஓடுசக்கரங்களின் தலையில் தொய்ந்து படியும். கிட்டோடு வரும் வினைல் பட்டை ரப்பர் பேண்டு போல விறைத்து நிற்கும். குட்டையாக இருந்தால் முன் பல்சக்கரத்தையும் உள்பக்கமாகச் சாய்த்துவிடும். தனித்தனிக் கண்ணியாக வரும் பிளாஸ்டிக் பட்டைக்கு மாறிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். அகலம் அசலில் 725 மி.மீ., மாடலில் 20.7.

கண்ணிகளை நேரான மரச்சட்டத்தின் ஓரத்தில் அடுக்கிக் மெதுவாக இறுகும் கெட்டியான பசையால் ஒட்டுங்கள். சன்னமான பசை வேண்டாம். சீக்கிரம் இறுகி, வளைக்கும்போது முறியும். சுமார் அரை மணி கழித்துத் தொட்டால் பட்டை வளையும், ஆனால் பிரியாது. அந்த நேரத்தில் சக்கரங்களைச் சுற்றிப் போட்டு, மட்கார்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஃபோம் துண்டுகளைச் செருகிக் கீழே அழுத்தி வையுங்கள். ஒவ்வொரு சக்கரத் தலையிலும் பட்டை தொட வேண்டும், இடைவெளியில் லேசாகத் தாழ வேண்டும். ஓர் இரவு அப்படியே விடுங்கள். பல்சக்கரத்தையும் பின் ஐட்லரையும் (பட்டை திரும்பும் பின் சக்கரம்) உடலோடு ஒட்டாமல் வைத்திருந்தால், பெயிண்டுக்குப் பட்டையை மொத்தமாகக் கழற்றலாம்.

அதற்கு முன் சக்கரங்களைத் தாங்கும் சக்கரக் கைகளைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்துக்கு எட்டு அச்சுகள். ஒன்று அரை மி.மீ. தூக்கி நின்றாலும் 57 டன் வண்டி மிதப்பது போலத் தெரியும். எட்டையும் ஒட்டி, பசை இறுகுமுன் சக்கரங்களைச் சொருகிக் கண்ணாடித் தட்டில் நிறுத்தி, மேலே கனம் வையுங்கள். ரப்பர் விளிம்பு வகையில் பக்கத்துக்கு 24 சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்து கிடக்கும். உள்வரிசைக்குப் பெயிண்டும் அழுக்கும் போட்ட பிறகே வெளிவரிசை. அந்த வரிசை தவறினால் பிறகு தூரிகை நுழையாது.

சிம்மரிட்டுக்கு ரெசின் தாளும் கிடைக்கும். கையால் செய்வதானால் இரண்டு பாக எபாக்சி புட்டியைச் சம அளவில் பிசைந்து, டால்கம் தூவி 0.3 மி.மீ. அளவுக்கு உருட்டி, சொரசொரப்பாக்கிய பரப்பில் ஒட்டுங்கள். கருவியை ஈரமாக்கிக்கொண்டு வரிகளை அழுத்த வேண்டும். காய்ந்த கருவி புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அசல் பூச்சே சில மி.மீ.தான், அதனால் தடிமன் கூடினால் சுவருக்குச் சிமெண்ட் பூசிய மாதிரி ஆகிவிடும். வரிகளின் இடைவெளிக்குப் படத்தைப் பாருங்கள்.

நிறத்துக்கு வருவோம். 1943 பிப்ரவரிக்கு முன் ஐரோப்பாவில் அடர் சாம்பல், ஆர்ஏஎல் (ஜெர்மன் நிற எண் முறை) 7021. அதன் பிறகு அடர் மஞ்சள் அடித்தளம், மேலே ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும். மேல் நிறங்கள் பசைக்கூழாக டின்னில் வந்தன. படைவீரர்களே தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அடித்தார்கள். அதனால் ஓரிடம் அடர்த்தி, ஓரிடம் மெலிவு என்பதே இயல்பு. பட்டையின் மங்கிய ஓரம் அசலில் 7 செ.மீ. இருந்தால் மாடலில் 2 மி.மீ.தான். இதற்கு ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) 0.2 அல்லது 0.3 மி.மீ. ஊசி, 10 முதல் 12 பிஎஸ்ஐ காற்றழுத்தம், நன்கு நீர்த்த அக்ரிலிக், பரப்பிலிருந்து ஓரிரு செ.மீ. தூரம். சிலந்திக்கால் போலத் தெறித்தால் பெயிண்ட் நீர்த்தது அதிகம் அல்லது அழுத்தம் அதிகம். துகளாக விழுந்தால் தூரம் அதிகம். சிலுவைச் சின்னத்தையும் எண்களையும் சிம்மரிட் மேல் டெக்காலாக (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) ஒட்டினால் வரிகளுக்கு நடுவில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். முகமூடித் தாள் வெட்டி ஸ்ப்ரே செய்வது மேல்.

வாஷ் (இடுக்குகளை இருட்டாக்க விடும் நீர்த்த பெயிண்ட்) போடும்போது ஒரு விபத்து அடிக்கடி நடக்கும்: மறுநாள் பார்த்தால் சக்கரக் கை தானாக ஒடிந்திருக்கும். எனாமல் தின்னர் பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் தேங்கி, ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இணைப்புகளுக்குள் ஊடுருவி வெடிப்பு உண்டாக்குவதுதான் காரணம். அடிப்பகுதி உட்பட எல்லா இடத்திலும் பிரைமரும் வார்னிஷும் போடுங்கள். வாஷைப் பரப்பு முழுவதும் வெள்ளமாக விடாமல், போல்ட் தலை, வெல்டு ஓரம் என்று கூரான தூரிகையால் மட்டும் தொடுங்கள்.

தேய்மானத்திலும் அளவே பேசும். மாடலில் 1 மி.மீ. கீறல் அசலில் மூன்றரை செ.மீ. பள்ளம். உடலெங்கும் அப்படிப் போட்டால் கண் ஒப்பாது. போர்முனையில் பல வண்டிகள் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. கவசத்தில் திட்டுத்திட்டாகத் துருப்பிடிக்க நேரமே இல்லை. துரு வேண்டுமானால் சைலன்சரை மூடிய மெல்லிய தகட்டில் போடுங்கள், அது வெப்பத்தில் பெயிண்ட் கருகித் துருப்பிடிக்கும் இடம். பட்டைக்குக் கறுப்பும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். இருண்ட பழுப்பு அடித்து, மண் பொடி தூவி, தரையைத் தொடும் மேடுகளில் மட்டும் பென்சில் கரியைத் தேயுங்கள்.

உட்புற செட் பற்றி: ஹேட்ச்களை (ஆள் நுழையும் வாயில்களை) மூடி வைப்பதாக இருந்தால் வாங்க வேண்டாம். கமாண்டர் ஹேட்ச் மட்டும் திறந்திருந்தால் அதன் வழியாகத் தெரிவது டரட் (பீரங்கி இருக்கும் மேல் கோபுரம்) உள்சுவரும் கமாண்டர் இருக்கையும்தான். சுவருக்குத் தந்த வெள்ளை, ஆர்ஏஎல் 1001, அடித்து, துவாரத்தில் ஓர் உருவத்தை நிறுத்தினால் மீதி மறைந்துவிடும்.