எஃப் கார்டும் குட்டை விரலும்

அன்புள்ள சார்,

வேளச்சேரியில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. ஊரடங்கு சமயத்தில் ஆன்லைனில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். யூடியூப் பார்த்தே கார்டுகளில், அதாவது பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் பிடிகளில், சி, ஜி, டி, ஏ மைனர் வரை வந்துவிட்டேன். எஃப் கார்டில் நின்றுபோனது. ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த என்னால் முடியவே இல்லை. விரல் நுனி கன்றிப்போய் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். இப்போது அலமாரி மேல் கிடக்கிறது. என் விரல்கள் குட்டை, கிட்டாருக்கான கை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஆசை போகமாட்டேன் என்கிறது. இந்த முறை 30,000 வரை செலவு செய்யலாம் என்றிருக்கிறேன். சாலிட் டாப் அவசியமா? பின்பலகை ரோஸ்வுட்டா, மஹாகனியா? அல்லது எலெக்ட்ரிக் வாங்கி ஆம்ப், ஒலியை மாற்றுகிற பெடல் இரண்டு மூன்று என்று போய்விடலாமா? ரிவ்யூ வீடியோக்கள் பார்த்து ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். மரம், பிராண்ட், விலை, தள்ளுபடி, நட்சத்திரம், எடை, பை இலவசமா என்பது வரை கட்டம் போட்டிருக்கிறீர்கள். கம்பி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. உங்களை அலமாரி வரை துரத்தியது அதுதான், தம்பி. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அளந்திருக்கிறீர்கள்.

முதலில் மரத்தை முடித்துவிடுவோம். சாலிட் டாப் நல்லது, கையில் காசு இருந்தால் வாங்குங்கள். முன்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் ஒரே மரமாக இருந்தால் நன்றாக அதிரும், ஒலி திறந்து வரும். பின்பலகை எந்த மரம் என்பதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் அந்தோனியோ தெ தோரஸ், 1862இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலி முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தது. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள், பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரத்தில் இருக்கும்படி ஆறு கிட்டார்களைச் செய்வித்து, 52 கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். மரம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று விளக்கை மங்கவைத்து, வெல்டிங் கண்ணாடி வேறு மாட்டிவிட்டார்கள். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான மரங்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வாங்கின. 2018இல் வெளிவந்த ஆய்வு. உங்கள் ரிவ்யூக்காரர்களில் யாரும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசுவதாகத் தெரியவில்லை.

ரோஸ்வுட் ரோஸ்வுட் என்று நாக்கில் தேன் சொட்டச் சொல்கிறார்களே, அதில் பாதி நம் ஈட்டி மரம். கூடலூர், வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் தன் மரத்தை வெளியே விடாமல் கட்டுப்படுத்தியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனமே 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017இல் ரோஸ்வுட் இனம் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் கம்பெனிகள் அலறின. 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும். உங்களுக்கு இதனால் பிரயோஜனம் ஒன்றுமில்லை.

ஆம்ப், பெடல் விஷயத்துக்குப் பதில் இல்லை. எஃப் கார்ட் வராதவருக்குப் பெடல் எதற்கு?

சரி, விரலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். "கிட்டாருக்கான கை எனக்கு இல்லை." உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் எதிர்வீட்டுப் பிள்ளையின் கிட்டார் கம்பி கழற்றிக் கிடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளும் இதையேதான் சொன்னாள்: "அங்கிள், என் விரல் வீக்." எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐ.டி. வேலை பார்க்கிற ஆளுக்கும் ஒரே நோய், ஒரே வசனம். ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கிட்டார் எடுப்பவர்களில் 90 சதவீதம் பேர் முதல் வருடத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். சோம்பல், நேரமின்மை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அதில் ஒரு பெருங்கூட்டம் தன் கையைத் திட்டிக்கொண்டே போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் அக்கா அப்படிப் போனவள். நெல்லைப் பக்கம் எங்கள் ஊர்ச் சர்ச் கொயரில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கிட்டார் ஒன்று உண்டு. ஆளாளுக்கு வாசிப்பார்கள். அக்காவுக்கு என்னைவிட நல்ல காது. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் கார்டுகளை வரிசையாகச் சொல்லிவிடுவாள். ஆனால் பிடிக்க வராது. எஃப் பிடித்தால் இரண்டு கம்பி டொக் டொக்கென்று செத்துக் கிடக்கும். சொல்லிக்கொடுத்தவர் சிரித்துக்கொண்டே "பொம்பளைப் பிள்ளைக்கு விரல்ல அவ்வளவு பலம் காணாதும்மா, நீ ஆல்டோ பாடு" என்றார். அவளும் போய் ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் வரிசையில் நின்றுகொண்டாள். கல்யாணமாகிப் போகும் வரை அந்தக் கிட்டாரை அவள் மறுபடி தொட்டு நான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கிட்டாரின் பிரிட்ஜ், அதாவது முன்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை, பெயர்ந்து வந்துவிட்டது. எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். சர்ச் ஆர்மோனியத்தைப் பார்ப்பவரும் அவர்தான். கிட்டாரை அவர் அதற்கு முன் கையில் பிடித்ததில்லை. பிரிட்ஜை ஒட்டிக் கொடுத்துவிட்டு, கழுத்தோடு கண்ணை வைத்து மரம் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்தத் தலைமாட்டுல கம்பி ஏன் இம்புட்டு ஒசரமா நிக்கி? இத எப்பிடி அமுக்குதிய?" என்றார். யாரும் அதுவரை கேட்காத கேள்வி. மறுநாள் வெல்டிங் கடையில் நாசில் துவாரத்தின் அடைப்பை எடுக்கிற முரட்டுக் கம்பிகளை வாங்கி வந்து, ஒவ்வொரு தந்தியையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது உட்காரும் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் கீழே இறக்கினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்திருந்தாள். கையில் கொடுத்து எஃப் பிடிக்கச் சொன்னேன். ஆறு கம்பியும் பேசின. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கோபம்தான் வந்தது. "இவ்வளவுதானா? இதுக்கா என்னைப் போய் ஆல்டோ பாடச் சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு கிட்டாரைப் பெஞ்சில் வைத்தாள். அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. விரல் குட்டை, விரல் வீக் என்று யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளென்று வருவது அதனால்தான். உங்கள்மேல் கோபமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரி கைவைத்த இடத்துக்குப் பெயர் நட். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு வெள்ளைப் பட்டை இருக்குமே, ஆறு பள்ளத்தோடு, அதுதான். பள்ளம் ஆழமாகிப்போனால் கம்பி முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த முதல் உலோகப் பட்டையில், இடித்து இரையும், வாங்கியவன் திருப்பி அனுப்பிவிடுவான். உயரமாக விட்டால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள், தன் விரலைத்தான் நொந்துகொள்வார்கள். அதனால் மலிவான கிட்டார்கள் பெரும்பாலும் உயரமாகவே வருகின்றன. எஃப் கார்ட் பிடிக்கும் இடம் முதல் ஃப்ரெட், நட்டுக்கு ஒட்டினாற்போல் அடுத்த வீடு. நட் உயர்ந்திருந்தால் முழுப் பாரமும் அங்கேதான் விழும். வலி மட்டுமில்லை, சுருதியும் போகும். வெறும் கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்திருப்பீர்கள், ஆனால் சி கார்ட் பிடித்ததும் புளிக்கும். கம்பியை அவ்வளவு தூரம் கீழே இழுப்பதால் அது கூடுதலாக முறுக்கேறி ஸ்வரம் உயர்ந்துவிடுகிறது. பாவம், காதையும் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கிட்டாரை இறக்கித் தூசி தட்டுங்கள். ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இருந்தால் போதும். எதிர்வீட்டுப் பிள்ளையின் கிட்டாரில் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து நுழைத்தேன், போனது. கழுத்தைக் கவ்வி எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேபோ இருந்தால் இன்னும் சுலபம். முதல் ஃப்ரெட்டில் கேபோவைப் போட்டுவிட்டு இரண்டாம் ஃப்ரெட்டில் எஃப் கார்டின் அதே பிடியைப் பிடியுங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குற்றவாளி நட்தான், உங்கள் விரல் அல்ல.

அடுத்தது பன்னிரண்டாம் ஃப்ரெட். அங்கே ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டரும் மெல்லிய கம்பி இரண்டு மில்லிமீட்டரும் ஒட்டி நின்றால் சுகமாக இருக்கும். நான்கு மில்லிமீட்டர் இருந்தால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சாடில் என்ற பட்டையை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும் என்பது கணக்கு. உங்கள் ஊர்க் காற்று வேறு. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்லித்தான் கிட்டார் செய்பவர்கள் சொல்கிறார்கள். சென்னையில் அது எந்த மாதத்தில் வாய்க்கும்? மரம் ஈரத்தைக் குடித்து முன்பலகை வயிறு தள்ளினால் கம்பி தானாக மேலே ஏறும். அலமாரி மேல் இத்தனை வருடம் கம்பியை முறுக்கிலேயே விட்டு வைத்திருந்தீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வாத்தியத்தை அப்படியா வைப்பது? நாலு பிடி திருகித் தளர்த்திவிட்டாவது ஏற்றியிருக்கக் கூடாதா?

விரல் குட்டை என்ற கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்கு 1928இல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிவிட்டன. மீதி இரண்டு விரலால் அவர் வாசித்த ஓட்டங்களை ஐந்து விரல் உள்ளவர்கள் இன்றும் வாய்பிளந்து கேட்கிறார்கள். பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி இன்னும் நெருக்கமான உதாரணம். பதினேழு வயதில், பர்மிங்ஹாம் தகடு ஆலையில் கடைசி நாள் வேலையின்போது, இரண்டு விரல்களின் நுனி இயந்திரத்தில் போய்விட்டது. இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற வலது கை விரல்கள். இனி வாசிக்க முடியாது என்றுதான் நினைத்தார். ஆலை மேலாளர் கொண்டுவந்து கொடுத்த இசைத்தட்டு ஜாங்கோவுடையது. அயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கிட்டார் கம்பி கனமாக இருந்ததால் பேஞ்சோவின் மெல்லிய கம்பிகளை வாங்கி மாட்டினார். பிற்பாடு சுருதியையே இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். அந்த இறங்கிய சுருதியின் கனம்தான் ஹெவி மெட்டலின் ஒலியாக ஆனது.

அவர் கையைக் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை, கருவியை வழிக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் செய்ததும் அதையேதான். வீணை பயின்றவர், கமகத்தை கிட்டாரில் கொண்டுவர வேண்டும், ஆனால் தட்டையான பலகையில் கம்பி போதிய அளவு இழுபடவில்லை. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளம் எடுத்த கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். விக்கு விநாயகராமின் கடத்தோடு சக்தி குழுவில் வாசித்தது அந்த வகைக் கருவியில்தான். நீங்களோ நட்டில் அரை மில்லிமீட்டர் குறைக்காமல் பிறவிக் குறை என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

கிட்டாரைத் தொட்டுத் திருத்த வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரை 1954இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களிடம் கொடுத்து, எங்கே குத்துகிறது, எங்கே இடிக்கிறது என்று கேட்டுக்கேட்டுத் திருத்தினார். எங்கள் ஆசாரிக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எக்செல் ஷீட்டை மூடுங்கள். சென்னையில் நல்ல ரிப்பேர்க்காரர்கள் இருக்கிறார்கள், வாத்தியக் கடைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் "செட்டப் பண்ணுங்கள், நட்டையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நட் என்ற வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள். 0.010 அங்குல எக்ஸ்ட்ரா லைட் கம்பி செட் ஒன்று வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள், புதுக் கம்பிக்குத்தான் அவர் பள்ளம் வெட்ட வேண்டும். கூலியில் பேரம் பேசாதீர்கள். கூடவே நின்று பாருங்கள். ஒரு பள்ளம் கூடுதலாக இறங்கிவிட்டாலும் பதறவேண்டாம், ஆப்பசோடாவை நிரப்பி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் கல்லாகிவிடும், மறுபடி வெட்டலாம். இரண்டு மாதம் வாசித்த பிறகும் புதிது வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், எந்த மரம் என்றாலும் சரி. கடையில் ஒலியைக் கேட்கும் முன் அந்த மூன்றாம் ஃப்ரெட் சோதனையைச் செய்துவிடுங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

எஃப் வந்ததும் எழுதுங்கள். பெடலைப் பற்றி எழுதினால் பதில் வராது.